ஹவாய்க்குப் பதினான்கு நாள் போகிறேன்: ஓலை முடைகிறவர்களையும் பழைய கடைகளையும் எங்கே பார்க்கலாம்?

கொட்டான்காரி (கோட்டையூர்)

எல்லாருக்கும் வணக்கம். என் மகன் ஹொனலூலுவில் வேலை பார்க்கிறான். இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், இப்போதுதான் விசா கிடைத்தது. ஏப்ரல் 20 போய் மே 4 திரும்புகிறேன்.

பார்க்க வேண்டிய இடங்கள் என்று அவன் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். அதில் முக்கால்வாசி கடற்கரை, மீதி பெரிய பெரிய கடைகள். கடல் பிடிக்காது என்றில்லை. ஆனால் அவ்வளவு தூரம் போய் மணலில் உட்கார்ந்துவிட்டு வர எனக்கு மனசில்லை. அந்த ஊர்க்காரர்கள் கையால் என்ன செய்கிறார்கள், எந்தக் கடையில் சாமான் வாங்குகிறார்கள், அவர்களுடைய தாத்தா பாட்டி காலத்து இடங்களில் இன்னும் என்ன நிற்கிறது, இதையெல்லாம் பார்க்க வேண்டும்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு 58 வயது. 46 வருடமாகக் கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, முடைகிறேன். பன்னிரண்டு வயதில் எங்கள் ஊரில் ஒரு பெரிய வீட்டுக்கு அம்மாவோடு வேலைக்குப் போவேன். மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து அந்த வீட்டு ஆச்சி சொல்லிக்கொடுத்தது இந்த வேலை. பனங்குருத்தை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்துக்கு வார்ந்து, சாயம் காய்ச்சி அதில் முக்கி, நிழலில் உலர்த்தி, முடைவதற்கு முன்னால் ஈரத்துணியில் சுற்றிவைக்க வேண்டும். அடிப்பாகம் யாருக்கும் வந்துவிடும். மூலை திரும்பும் இடத்தில்தான் கை தெரியும். அங்கே ஓலை கொஞ்சம் காய்ந்திருந்தாலும் கீறிவிடும். ஆச்சி என் விரலைப் பிடித்து "இழுக்காதே, தள்ளு" என்பார். இன்றைக்கும் மூலைக்கு வந்தால் அந்தக் குரல் காதில் விழும்.

நடுவில் பிளாஸ்டிக் கூடையும் எவர்சில்வர் தூக்கும் வந்து, கொட்டானைக் கேட்க ஆளில்லாமல் போன காலம் இருந்தது. 2000-க்குப் பிறகு பயிற்சி கொடுத்து மறுபடி ஆட்களைச் சேர்த்தார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது கல்யாணத்துக்கு நூறு, இருநூறு என்று கேட்டு வருகிறார்கள். அதனால் இன்னொரு ஊரில் இதே மாதிரி ஓலையோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்களா, அவர்களுக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஹவாயில் ஓலை முடைகிறவர்கள் உண்டா? நம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு மாதிரி பழைய சாமான் கடைத்தெரு ஏதாவது? எத்தனை தீவு போகலாம்? நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்ய? கொஞ்சம் கொட்டான் கொண்டுபோய் அங்கே உள்ளவர்களுக்குக் கொடுக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஹீலோ மழை (தேவகோட்டை)

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு வந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் வேலைக்காக நாங்கள் நான்கு வருடம் ஹவாயில் ஹீலோ என்ற ஊரில் இருந்தோம். ஊருக்குத் திரும்பி ஒன்றரை வருடம் ஆகிறது.

முதலில் தீவு. பெரிய தீவுகள் எட்டு. தீவுக்குத் தீவு போக விமானம்தான், அரை மணி முக்கால் மணி பறக்க வேண்டும். மகன் நான்கு தீவு என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாதி நாள் விமான நிலையத்திலேயே போய்விடும். ஹொனலூலு இருக்கும் ஓவாஹூ, ஹவாய் என்றே பெயருள்ள பெரிய தீவு (ஹீலோ அதில்தான்), முடிந்தால் கவாய். அது போதும்.

ஓலைக்கு வருகிறேன். அங்கே பனை இல்லை, தாழை. ஆமாம், நம் தாழம்பூத் தாழையின் சொந்தக்காரச் செடிதான். அவர்கள் பாஷையில் 'லௌ' என்றால் இலை, 'ஹாலா' என்றால் தாழை. லௌஹாலா என்று சேர்த்துச் சொல்வார்கள். பாய், தொப்பி, பை, விசிறி, கைவளை எல்லாம் அதில் முடைகிறார்கள். அந்தக் காலத்தில் ஹவாய்க்காரர்கள் படகுக்குப் பாயே இதில் முடைந்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி லௌஹாலா முடைவார். அங்கே வயதானவர்களை எல்லாரும் 'ஆன்டி' என்றுதான் கூப்பிடுவார்கள், சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நாம் ஆச்சி என்று கூப்பிடுவது மாதிரியே. அந்த ஆன்டி வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தாழை இலைக்கு இரண்டு ஓரமும் முள், நடு நரம்பின் அடியிலும் முள். காய்ந்த இலையைச் சேகரித்து, ஈரத்துணியால் தூசி துடைத்து, அடியையும் நுனியையும் வெட்டி எறிந்து, முள் ஓரத்தை நீளவாக்கில் கிழித்து எடுப்பார். அப்புறம் இலையை விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்து இழுத்து நீவுவார். விறைப்பாக இருந்த இலை துணி மாதிரி ஆகிவிடும். அதைச் சுருட்டிச் சுருட்டி வண்டிச் சக்கரம் போல ஒரு பெரிய சுருளாக வைப்பார். முடைய உட்காரும் அன்றைக்குத்தான் சுருளைப் பிரித்து, பிளேடு வைத்த சின்னக் கருவியில் இழுத்து, வேண்டிய அகலத்துக்குக் கிழிப்பார். பெரும்பாலும் சாயம் கிடையாது. ஒவ்வொரு மரத்து இலையும் ஒவ்வொரு பழுப்பு, அதைப் பார்த்துப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் சேர்ப்பார். எங்கள் வீட்டு வாசலில் எந்த மரத்தில் எந்த நிறம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

இதை விலைக்கு வாங்கவும் பார்க்கவும் பெரிய தீவின் மேற்குப் பக்கம், கோனாவுக்கு மேலே மலைச்சரிவில் ஹோலுவாலோவா என்ற சின்ன ஊருக்குப் போங்கள். அங்கே கிமுரா லௌஹாலா கடை இருக்கிறது. 1914-ல் தொடங்கிய கடை. ஜப்பானிலிருந்து வந்த குடும்பம். அந்த வட்டாரம் முழுக்கக் காப்பித் தோட்டம். காப்பி விலை விழுந்த காலத்தில் ஜனங்களிடம் காசு இல்லை, மளிகைக்குப் பதிலாக அவர்கள் முடைந்த தொப்பியையும் பையையும் வாங்கிக்கொண்டு கடையை நடத்தினார்கள். அந்த ஊரே ஒரு தெருதான். 1926-ல் கட்டிய இளஞ்சிவப்பு ஓட்டல் ஒன்று, ஓவியக் கடைகள் சில, காப்பிக் கடைகள் சில. ஒரு காலை நேரம் தாராளமாகப் போகும்.

ஒரு எச்சரிக்கை. நான் போன புதிதில் ஹொனலூலு கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் 'தீவில் செய்தது' என்று சொல்லி ஒரு பை விற்றார்கள். ஆசையாக வாங்கி வந்து ஆன்டியிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்து, இது வேறு நாட்டுப் பாயை வெட்டித் தைத்தது என்றார். எல்லா இலையும் ஒரே நிறம், மூலையில் முடைச்சல் திரும்பவில்லை, வெட்டி மடித்துத் தைத்திருந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை அக்கா, நீங்கள் மூலையைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஹீலோவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வருடத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதனால் குடை எப்போதும் கையில் இருக்கட்டும். சந்தை தினமும் உண்டு, ஆனால் புதனும் சனியும்தான் பெரிய சந்தை. மாமோ தெரு முனையில். பப்பாளி, ரம்புத்தான், சேப்பங்கிழங்கு, கட்டுக்கட்டாகச் சேப்பங்கீரை, வாழைப்பூகூடப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே டூ லேடீஸ் கிச்சன் என்று ஒரு சின்னக் கடை, மோச்சி செய்கிறார்கள். பசையரிசி மாவில் கொழுக்கட்டை மாதிரி, உள்ளே இனிப்புப் பயறு. ஒரு முழு ஸ்ட்ராபெர்ரியை உள்ளே வைத்துச் செய்வதற்குத்தான் கூட்டம். சிக் ஸேன் துணிக்கடையும் அந்தச் சுற்றில்தான். அந்தத் தீவின் செடிகொடிகளை வரைந்து சட்டைத் துணியில் அச்சடிக்கிறார்கள். நம் கண்டாங்கிக் கட்டத்தைப் பார்த்ததும் எந்த ஊர் என்று தெரிகிற மாதிரி, அந்தச் சட்டையைப் பார்த்ததும் ஹீலோ என்று சொல்லிவிடலாம்.

கடலோரத்தில் கடைகள் ஒரு வரிசைதான் இருக்கும், எதிர்ப்பக்கம் வெறும் புல்வெளி. ஏன் இவ்வளவு நல்ல இடத்தைச் சும்மா விட்டார்கள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. 1946 ஏப்ரல் 1 அன்றைக்கும் 1960 மே 23 அன்றைக்கும் வந்த சுனாமியில் அங்கே இருந்த தெருக்கள் போய்விட்டன. 1960-ல் மட்டும் ஹீலோவில் 61 பேர் இறந்தார்கள். அதன்பிறகு வீடு கட்டவேண்டாம் என்று பூங்காவாக விட்டுவிட்டார்கள். பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில் சுனாமி அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். 2004-ல் நாகப்பட்டினத்தில் எங்கள் சித்தப்பா வீட்டுப் பக்கம் நடந்ததைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த அறைகளில் நிற்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. போகும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹீலோ நூலகத்து வாசலில் ஒரு பெரிய கல் கிடக்கும், நஹா கல். அதைப் புரட்டுகிறவன் தீவுகளை ஒன்றாக்குவான் என்று நம்பிக்கை. கமேஹமேஹா பதினான்கு வயதில் புரட்டினான், பின்னால் அப்படியே அரசனானான் என்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் இளவட்டக்கல் தூக்குகிறவனுக்குப் பெண் கொடுத்த கதை ஞாபகம் வரும்.

கோனாவுக்குப் போகிற நாளில் தெற்கே ஹோனௌனௌவுக்கும் போங்கள். அங்கே ஒரு 'புஉஹொனுவா' இருக்கிறது, அப்படியென்றால் அடைக்கலம் தருகிற இடம். அந்தக் காலத்தில் அரசன் போட்ட கட்டுப்பாட்டை மீறினால் மரண தண்டனை. ஓடியும் நீந்தியும் எப்படியாவது இந்த மதிலுக்குள் வந்துவிட்டால் பூசாரி சடங்கு செய்து பாவம் கழித்து அனுப்பிவிடுவார், அப்புறம் யாரும் தொட முடியாது. அந்த மதில் சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எரிமலைக் கல்லை அடுக்கியே கட்டியது. பத்தடி உயரம், பதினேழு அடி அகலம். கைவைத்துப் பார்க்கத் தோன்றும், ஆனால் மேலே ஏறக்கூடாது. பழைய கோயில் கல் எதையும் தொடாதீர்கள், கல்லோ மணலோ ஞாபகத்துக்கு என்று எடுத்து வராதீர்கள். அங்கே அது பெரிய தப்பு.

---

பழைய வாசல் (காரைக்குடி)

அக்கா, முனீஸ்வரன் கோயில் தெருவைச் சொன்னதால் எழுதுகிறேன். நான் அந்தத் தெருவில்தான் கடை வைத்திருக்கிறேன். எனாமல் பாத்திரம், பழைய படம், கதவு, தூண் எல்லாம். மைத்துனர் பையனைப் பார்க்கப் போனபோது ஹொனலூலுவில் ஐந்து நாள் இருந்தேன். வேறு தீவு எதுவும் பார்க்கவில்லை.

ஐந்து நாளில் என் மனதில் நின்றது இயோலானி அரண்மனை. கலாகௌவா என்ற ராஜா கட்டி 1882-ல் முடித்தது. அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைக்கு முன்பே அங்கே மின்விளக்கு எரிந்திருக்கிறது. உள்ளே போனதும் நேர் எதிரே கோவா மரத்தில் செய்த பெரிய படிக்கட்டு. கோவா அந்தத் தீவுகளில் மட்டும் வளர்கிற மரம். நம் பர்மாத் தேக்கு மாதிரி நேர் ரேகை இல்லை. வெளிச்சம் விழுந்தால் மரத்துக்குள் தண்ணீர் அசைவது போலத் தெரியும். கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே நின்றதில் என்னோடு வந்த கூட்டம் அடுத்த அறைக்குப் போய்விட்டது.

1893-ல் ராணி லிலியுஓகலானியைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். 1895-ல் அதே அரண்மனையின் மாடியில் ஓர் அறையில் காவலில் வைத்தார்கள். அங்கே இருந்தபோது அவர் கூட இருந்த பெண்களோடு சேர்ந்து தைக்கத் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வை அந்த அறையிலேயே இருக்கிறது. பட்டுத் துண்டுகளை வைத்துத் தைத்து, எழுத்தெல்லாம் ஊசியால் போட்டிருக்கிறார். கைவேலை பார்க்கிறவர் நீங்கள், இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. ராஜாங்கம் போனபிறகு அரண்மனைச் சாமான்களை ஏலம் விட்டுவிட்டார்கள். நாற்காலி ஒரு நாட்டில், பீங்கான் ஒரு நாட்டில் என்று சிதறிப்போனது. இப்போது அரண்மனையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பழைய புகைப்படங்களை வைத்து ஒவ்வொன்றாகத் தேடித் திரும்பக் கொண்டுவருகிறார்கள். இன்னும் முடியவில்லை, சில இடங்கள் காலியாகவே இருக்கின்றன. நான் முப்பது வருடமாக வீடுகள் இடிபடும்போது போய் நிற்கிறவன். ஒரு வீட்டுக் கதவு ஒரு ஊருக்கும் அதே வீட்டு ஊஞ்சல் இன்னொரு ஊருக்கும் என் கடை வழியாகவே போயிருக்கிறது. ஊருக்கு வந்தபிறகு ஒரு வேலை தொடங்கினேன். எந்தச் சாமான் எந்த ஊரில், எந்த வீட்டிலிருந்து வந்தது, யாருக்குப் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி, படமும் எடுத்து வைக்கிறேன். என்றைக்காவது ஒரு பேரன் வந்து எங்கள் ஐயா வீட்டுக் கதவு எங்கே என்று கேட்டால் சொல்ல முடிய வேண்டும்.

அரண்மனையிலிருந்து நடக்கிற தூரத்தில் கவையஹாஓ தேவாலயம். 1842-ல் முடித்தது. கடலுக்குள் மூழ்கிப் பவளப்பாறையை வெட்டி எடுத்து, சுமார் பதினாலாயிரம் கல்லில் கட்டியிருக்கிறார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் கல்லில் பவளத்தின் துளை தெரியும். நம் வீடுகளுக்குக் கடற்சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்து, கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசியதை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பூ. சைனாடவுனில் மௌனகேயா தெருவில் வரிசையாக மாலைக் கடைகள். கடைக்குள்ளேயே உட்கார்ந்து நீள ஊசியில் கோத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கடையில் 'பிகாகே' என்று ஒரு மாலை, பக்கத்தில் போனதுமே தெரிந்துவிட்டது, நம் குண்டுமல்லி. அதே பூ. பிகாகே என்றால் மயில். கையுலானி இளவரசிக்கு மயிலும் இந்தப் பூவும் ரொம்பப் பிடிக்கும், அதனால் பூவுக்கு மயில் பேரே வந்துவிட்டது. நீங்கள் மே 1 அன்றைக்கு அங்கே இருப்பீர்கள். அன்றைக்கு அவர்களுக்கு மாலைத் திருநாள். காபியோலானி பூங்காவில் மாலை கட்டும் போட்டி வைத்துக் காட்சிக்கு அடுக்குவார்கள். நான் போனது வேறு மாதம், எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் விடாதீர்கள்.

---

உளிச்சத்தம் (பிள்ளையார்பட்டி)

அம்மா வணக்கம். கவாய் தீவைப் பற்றி நான் சொல்கிறேன். நான் கல் வேலை செய்கிறவன்.

கவாயில் வைலுவா ஆற்றுப் பக்கம் ஒரு சைவ ஆதீனம் இருக்கிறது. 1970-ல் சிவாய சுப்பிரமுனியசுவாமி தொடங்கியது. அவர் அமெரிக்கர், யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் சீடர். அங்கே இறைவன் கோயில் என்று முழுக்கக் கருங்கல்லில் சோழர் முறையில் ஒரு சிவன் கோயில் எழுப்பி, 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் செய்தார்கள். கல்லை எல்லாம் பெங்களூர் அருகே பட்டறை போட்டு, நம் ஆட்கள் உளியும் சுத்தியலுமாகக் கையாலேயே செதுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். மூலவர் ஸ்படிக லிங்கம், 39 அங்குலம், 300 கிலோவுக்கு மேல் எடை. அஸ்திவாரத்தில் இரும்புக் கம்பியே கிடையாது, ஆயிரம் வருடம் நிற்க வேண்டும் என்று சாம்பல் கலந்த கான்கிரீட்டில் போட்டது. இரும்பு துருப்பிடித்தால் உப்பிக் கல்லைப் பிளந்துவிடும், அதனால்.

இந்தக் கோயிலை வடிவமைத்தவர் கணபதி ஸ்தபதி. எங்கள் ஊர்க்காரர், 1927-ல் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர். கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவர் அவர் செய்ததுதான். 2011-ல் காலமாகிவிட்டார், கும்பாபிஷேகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் பிள்ளையார் குடைவரையில் இருக்கிறார், மலையை விட்டுப் பிரிக்காமல் அந்தப் பாறையிலேயே வடித்தது. அந்தப் பாறையைப் பார்த்து வளர்ந்த ஒருவர் கணக்குப் போட்ட கோயில் பசிபிக் கடலுக்கு நடுவில் நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும்.

நான் நேரில் போனதில்லை. ஆனால் செதுக்கும் காலத்தில் பெங்களூர் பட்டறையில் ஏழு மாதம் வேலை செய்தேன். ஒரு தூணுக்குக் கீழ்ப்பட்டை என் கை. எந்தத் தூண் என்று எழுதினால் நீளும். தரிசனம் பெரும்பாலும் காலை நேரத்தில் மட்டும், போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். போனால் தூணின் அடியில் உளி பட்ட தடத்தை ஒரு தடவை தடவிப் பாருங்கள் அம்மா, அது போதும்.

---

கொட்டான்காரி (கோட்டையூர்)

எல்லாருக்கும் நன்றி. தம்பி, உங்கள் தூணைக் கண்டிப்பாகப் பார்ப்பேன். எந்தத் தூண் என்று நீளமாகவே எழுதி அனுப்புங்கள், அச்செடுத்துக் கொண்டுபோகிறேன்.

காரைக்குடி அண்ணே, அந்த நோட்டு விஷயம் படித்ததும் எனக்கு ஆச்சி வீடு ஞாபகம் வந்தது. 2009-ல் இடித்தார்கள். முகப்புத் தூண் நான்கும் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஹீலோ தங்கச்சி, இரண்டு சந்தேகம். தாழையை நீவி நீவித் துணி மாதிரி ஆக்குவார் என்றாயே, முடையும்போது ஈரம் வேண்டாமா? எங்களுக்கு ஈரம் இல்லாமல் நடக்காது. சாப்பாட்டுக்கும் வழி சொல்லவில்லையே.

---

ஹீலோ மழை (தேவகோட்டை)

அக்கா, ஈரம் கொஞ்சமாகத்தான். லேசாகத் துடைத்துக்கொள்வார், ஊறவைத்துப் பார்த்ததில்லை. ஹீலோ காற்றிலேயே ஈரம் இருக்கிறது என்று ஆன்டி சொல்வார். அதிகம் நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடுமாம்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சேப்பங்கிழங்கை அவர்கள் 'கலோ' என்பார்கள். மனிதனுக்கு மூத்த அண்ணன் அது என்று கதை வைத்திருக்கிறார்கள், அவ்வளவு மரியாதை. அவித்து இடித்துத் தண்ணீர் விட்டுக் களி மாதிரி செய்வார்கள், அதற்குப் பெயர் 'போய்'. முதல் நாள் ருசி பிடிபடாது. இரண்டு நாள் புளித்தால் நம் பழைய சோற்று வாசம் வரும், அப்போது பிடித்துவிடும். குலோலோ என்று துருவிய சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்த இனிப்பு, அதைத் தேடிச் சாப்பிடுங்கள். கவாயில் நன்றாகக் கிடைக்கும். காய்கறி என்று சொன்னாலும் மீன் சாறு சேர்த்திருப்பார்கள், ஒவ்வொரு இடத்திலும் கேட்டே வாங்குங்கள். வீட்டில் செய்ய ஈரப்பலா, தேங்காய், முருங்கைக்கீரை எல்லாம் சந்தையில் கிடைக்கும். முருங்கையைப் பிலிப்பைன்ஸ்காரர்கள் விற்பார்கள்.

கவாய் போனால் ஹனபேபே ஊரையும் பாருங்கள். மர வீட்டுக் கடைகள், ஒரு தொங்கு பாலம், அமெரிக்காவின் மேற்குக் கோடியில் இருப்பது என்று சொல்லிக்கொள்ளும் ஒரு புத்தகக் கடை. ஊருக்கு வெளியே உப்பளம் இருக்கிறது. சில குடும்பங்கள் தலைமுறையாகச் செம்மண் பாத்தி கட்டிக் கோடையில் உப்பு எடுக்கிறார்கள். அந்த உப்பை விற்க மாட்டார்கள். கொடுக்கத்தான் செய்வார்கள். பாத்திக்குள் நாம் இறங்கக்கூடாது, தள்ளி நின்று பார்க்கலாம். எனக்கு ஆன்டி ஒரு பாட்டில் கொடுத்தார், இன்னும் மாங்காய்க்குத் தொட்டுக்கொள்கிறேன்.

கொட்டான் கட்டாயம் கொண்டுபோங்கள். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது அங்கேயும் வழக்கமில்லை. நன்றாகக் காய்ந்ததாக, பூச்சி இல்லாததாக இருக்கட்டும். விமான நிலையத்தில் கேட்கிற தாளில் காய்ந்த ஓலைச் சாமான் என்று எழுதிக் காட்டிவிடுங்கள், மறைக்க வேண்டாம். கறிவேப்பிலை, மாங்காய், விதை எதையும் எடுக்காதீர்கள், பிடுங்கிவிடுவார்கள்.

ஆன்டியிடம் நேற்று ராத்திரி பேசினேன். அங்கே அப்போது காலை, நமக்கு அவர்கள் பதினைந்தரை மணி நேரம் பின்னால். உங்களைப் பற்றிச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை சந்தை முடிந்து வீட்டுக்கு அழைத்துவரச் சொன்னார். நம்பரைத் தனியாக அனுப்புகிறேன்.

---

கொட்டான்காரி (கோட்டையூர்)

தங்கச்சி, கண் கலங்கிவிட்டது. மகனிடம் பேசிவிட்டேன். முதல் நான்கு நாள் ஹீலோ, அதில் ஒரு நாள் கோனா பக்கம், ஹோலுவாலோவாவும் அந்த மதிலும். அடுத்த மூன்று நாள் கவாய். மீதி ஹொனலூலு. மே 1 பூங்காவுக்கு அவன் லீவு போட்டுவிட்டான். கடற்கரைக்கு ஒரு சாயங்காலம் போதும் என்று சொல்லிவிட்டேன், சரி என்றுவிட்டான்.

நேற்று ஓலை வாங்கி வந்து வெயிலில் போட்டேன். பத்துக் கொட்டான் முடைகிறேன். ஐந்து நம் வழக்கப்படி சிவப்பும் பச்சையுமாக. ஐந்து சாயம் போடாமல், ஓலையின் சொந்த நிறத்தில், அவர்களுக்கு அதுதான் கண்ணுக்குப் பழக்கம் என்று தோன்றியது. அதில் ஒன்றை மட்டும் மூன்று மூலை திருப்பிவிட்டு நாலாவதை அப்படியே விட்டுக் கொண்டுபோகப் போகிறேன். வாரெல்லாம் நீளமாகத் தொங்கும், நூல் போட்டுக் கட்டிக்கொள்வேன். அந்த ஆன்டி வீட்டில் உட்கார்ந்து, ஒரு ஈரத்துணி கேட்டு வாங்கி, அவர் பார்க்க அந்த மூலையைத் திருப்ப வேண்டும்.